நடுவில் ஒரு கேள்விக்குறி

1959இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து யூனிடேரியன் சபையாருக்கு லூயி கான் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு சதுரம். அதன் நடுவில் ஒரு கேள்விக்குறி. அதைச் சுற்றி ஒரு நடை. அந்த நடைக்கு வெளியே இன்னொரு நடை. அதற்கும் வெளியே, எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு நிற்கிற மதிலாக, பள்ளிக்கூடம். கேள்விக்குறி இருந்த இடம்தான் வழிபாட்டுக் கூடம். சபைக்குப் புதுக் கோயில் கட்டித்தர வந்திருந்த கட்டடக் கலைஞர் அவர். எஸ்தோனியாவிலிருந்து சிறுவயதில் குடியேறிய யூதர். இந்தச் சபையின் மதத்தைச் சேர்ந்தவரல்ல. இவர்கள் எதை நம்புகிறார்கள் என்று விசாரித்திருக்கிறார். கிடைத்த பதிலை அப்படியே பென்சிலால் போட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கட்டடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. வரைபடங்களும் புகைப்படங்களும் கான் எழுதியவையும்தான் என் கையில் இருப்பவை. ஆனால் இங்கே என் அக்கறை கட்டடக்கலை பற்றியதல்ல. கோட்பாடு என்று ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்க மறுக்கிற ஒரு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எதன் பேரில் ஒன்றுகூடுகிறது? கூடியபின் எது அவர்களைச் சேர்த்துப் பிடிக்கிறது? சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் தனியாகக் கவிதை எழுதலாம். பல பேர் சேர்ந்து வழிபட முடியுமா?

யூனிடேரியன் என்ற பெயர் நமக்கு அந்நியமானதல்ல. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே, ஏசு மனிதரே என்று சொல்லிப் பிரிந்துபோன கிறிஸ்தவர்கள் இவர்கள். பின்னால் அமெரிக்காவில் இவர்களில் பலர் கிறிஸ்தவத்தையும் தாண்டிப் போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் ஊழியம் செய்து இங்கிலாந்து போய்வந்த திருவேங்கடம் என்ற தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் மாறி, அங்கே கையில் கிடைத்த யூனிடேரியன் பிரசுரங்களைப் படித்து, 1795இல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஒரு சிறு கோயில் எழுந்தது. ராம்மோகன் ராய் சம்பந்தப்பட்ட கல்கத்தா யூனிடேரியன் கமிட்டிக்கு இருபத்தாறு வருஷம் முந்தியது இது. எந்த மிஷனும் அனுப்பாத ஒரு வேலைக்காரர், தாமே படித்து, தாமே முடிவுக்கு வந்து, தமிழில் ஜெபங்கள் எழுதிச் சபை நடத்தினார். நம் மறுமலர்ச்சி வரலாறுகள் கல்கத்தாவில் தொடங்கிக் கல்கத்தாவிலேயே முடிவதற்குக் காரணம் தகவல் இல்லாமை மட்டுமல்ல. ஆனால் அது வேறு கட்டுரை.

ராச்செஸ்டருக்கு வருகிறேன். இந்தச் சபையின் சரித்திரத்தில் கேள்வி என்பது கான் வந்து கொடுத்த உருவகம் அல்ல. 1848 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் பெண்கள் உரிமை மாநாடு நடந்திருந்தது. முடிக்க நேரமில்லாமல் ராச்செஸ்டரில் மீண்டும் கூடுவதென்று ஒத்திவைத்தார்கள். இடம் கொடுத்தது யூனிடேரியன் கோயில். கூட்டத்துக்குத் தலைமை தாங்க அபிகேல் புஷ் என்ற பெண்மணியை முன்மொழிந்தார்கள். ஆண்களும் இருக்கிற பொதுக்கூட்டத்துக்கு ஒரு பெண் தலைமை தாங்குவது அந்த நாட்டில் அதுவரை கேள்விப்படாத காரியம். இதை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? மாநாட்டைக் கூட்டியவர்களான எலிசபெத் கேடி ஸ்டான்டனும் லுக்ரீஷியா மாட்டும். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று இரண்டு வாரம் முன்பு பிரகடனம் செய்தவர் ஸ்டான்டன். நாற்காலியில் பெண் உட்காருவது ஆபத்தான பரீட்சை என்று அவருக்கே பட்டது. புஷ் உட்கார்ந்தார். குரல் கேட்கவில்லை, உரக்கப் பேசுங்கள் என்று கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். சாரா ஆந்தனி பர்டிஸ் என்ற பள்ளி ஆசிரியை எழுந்து குறிப்புகளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். வகுப்பறையில் பழகிய குரல். கடைசியில் மாட் வந்து புஷ்ஷைத் தழுவிக்கொண்டு நன்றி சொன்னார்.

இந்த ஆசிரியையின் குரலை நான் விடாமல் குறித்துக்கொள்கிறேன். லட்சியவாதிகள் தயங்கி நின்ற இடத்தில் காரியத்தை நடத்திக் கொடுத்தது தினமும் முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிற ஒரு தொழிலின் பழக்கம். கான் படத்தில் பள்ளிக்கூடம் மதிலாக நிற்பதற்கும் இதற்கும் அவர் அறியாத ஒரு தொடர்பு இருக்கிறது. அன்றைய கூட்டத்தில் சூசன் ஆந்தனி இல்லை. அவர் தாய் தந்தையரும் தங்கையும் இருந்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். அடிமை முறையை எதிர்த்துப் பேசியதற்காகக் குவேக்கர் சபையில் முகம் சுளிக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்த குடும்பம் அது. சூசன் ஆந்தனியும் பல வருஷங்கள் இந்தக் கோயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

சபைக்கு அதன் நவீன முகத்தைக் கொடுத்தவர் என்று வில்லியம் சானிங் கேனட்டைத்தான் சொல்ல வேண்டும். 1889 முதல் 1908 வரை அங்கே போதகர். வருவதற்கு முன்பே பெரிய சண்டை ஒன்றைப் போட்டுவிட்டு வந்தவர். மேற்குப் பகுதி யூனிடேரியன் மாநாட்டில் 1886இல் பிளவு வரும்போல் இருந்தது. கடவுள் நம்பிக்கையாவது நிபந்தனையாக இருக்க வேண்டாமா என்று ஒரு கட்சி. எந்த நிபந்தனையும் கூடாது, உண்மையையும் நீதியையும் அன்பையும் நாடுகிற எவனும் உள்ளே வரலாம் என்று கேனட்டின் கட்சி. எதிர்க்கட்சியை நடத்தியவர் ஜாபெஸ் சண்டர்லாண்ட். பிற்காலத்தில் இந்திய விடுதலைக்காக ‘இந்தியா இன் பாண்டேஜ்’ என்ற புத்தகத்தை எழுதி, அது இங்கே தடை செய்யப்பட்டதே, அவரேதான். மதத்தில் வேலி வேண்டும் என்றவர் அரசியலில் வேலியை உடைக்க நின்றார். மனிதர்களை முற்போக்கு, பிற்போக்கு என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் பூட்டுகிறவர்கள் இந்த மாதிரி ஆட்களை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

1887இல் கேனட் ஒரு அறிக்கை எழுதினார். இன்று நம்மிடையே பொதுவாக நம்பப்படுபவை என்பது தலைப்பின் பொருள். எல்லாச் சொல்லும் அளந்து வைத்த சொல். ‘பொதுவாக’ என்றால் எல்லோரும் அல்ல. ‘நம்மிடையே’ என்றால் வெளியே இருப்பவன் தப்பு என்று அர்த்தமல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது ‘இன்று’. நாளை இது மாறலாம் என்பதை விசுவாசத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்த மதம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. சாசுவதம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஸ்தாபனங்களுக்கு மத்தியில் இது சின்ன விஷயமல்ல.

கேனட் இதைப் பிரசங்க மேடையில் நிறுத்திவிடவில்லை. அவர் காலத்தில்தான் புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பையன்களுக்காகக் கோயிலில் மாலை நேர இல்லம் ஒன்று நடந்தது. தெருவில் பத்திரிகை விற்கிற பையன்கள், அநேகமாக யூதர்கள். மதம் மாற்றும் எண்ணம் இல்லாமல் பாடமும் பேச்சும் விளையாட்டும். வீடு என்பதைப் பற்றிக் கேனட் எழுதிய ‘தி ஹவுஸ் பியூட்டிஃபுல்’ என்ற சிறு நூலை 1896-97 குளிர்காலத்தில் சிகாகோ அருகே ஒரு வீட்டு அச்சகத்தில் அச்சிட்டார்கள். பக்க அலங்காரங்களைச் செய்த இளைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட். மொத்தம் 90 பிரதிகள். (நம் பத்திரிகைகளைப் பற்றிப் பேசும்போது பிரதி எண்ணிக்கையைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்காக இந்தத் தகவல்.)

ரைட்டின் தாய்வழி மாமா ஜென்கின் லாய்ட் ஜோன்ஸ் யூனிடேரியன் போதகர், கேனட்டின் தோழர். ஓக் பார்க்கில் இருந்த சபைக் கோயில் 1905இல் இடி விழுந்து எரிந்தபோது புதிதாகக் கட்டித் தந்தார் ரைட்: யூனிட்டி டெம்பிள். கோபுரம் இல்லாத கான்கிரீட் சதுரம். ஒரு பக்கம் வழிபாட்டுக் கூடம், மறுபக்கம் சமையலறையோடும் பிள்ளைகளின் வகுப்புகளோடும் இன்னொரு கட்டடம், நடுவே இரண்டுக்கும் பொதுவான வாசல். தெய்வ வழிபாட்டுக்கும் மனித சேவைக்கும் என்ற பொருள்பட வாசலுக்கு மேல் எழுதியிருக்கிறது. முடிந்து போகும்போது போதகருக்கு முதுகைக் காட்டிப் போக வேண்டாம். மேடையின் இரு பக்கமும் இருக்கிற கதவுகளால், அவரைப் பார்த்துக்கொண்டே வெளியேறலாம். அழகான யோசனை. ஆனால் தெய்வம் ஒரு பக்கம், சாப்பாடும் பள்ளியும் மறுபக்கம் என்ற பிரிவு அங்கே இருக்கத்தான் செய்கிறது. கானிடம் வரும்போதுதான் இது குலைகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் ராச்செஸ்டர் சபையின் பழைய கோயில் இடிபட நேர்ந்தது. ஊர் நடுவில் பெரிய அங்காடி வளாகம் வரப்போகிறது, இடம் வேண்டும். கோயிலை விற்றுவிட்டு ஊருக்கு வெளிப்புறமாக நகர்ந்தார்கள். (கோயில் போய்க் கடைகள் வருவதை முன்னேற்றம் என்றார்கள். அந்த அங்காடி 2008இல் மூடப்பட்டு அநேகமாக இடிக்கப்பட்டும் விட்டது.) பெயர் பெற்ற பல கட்டடக் கலைஞர்களைப் பரிசீலித்துக் கானைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் போட்ட படத்தில் இரண்டு நடைகள் இருந்தன என்றேன். வெளி நடை பள்ளிக்கூடத்துக்கு. உள் நடை யாருக்கு? உள்ளே போவதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்காதவனுக்கு. நடக்கிறதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே நுழையாமல், சுற்றிவரலாம்; பிடித்தால் நுழையலாம், இல்லாவிட்டால் அப்படியே போகலாம். பிரகாரம் என்ற சொல் நமக்குச் சட்டென்று வந்துவிடும். வரக்கூடாது. நம் பிரகாரம் நடுவில் வீற்றிருப்பவரை வலம் வருவதற்கு. வீற்றிருக்கிறாரா என்பதில் சந்தேகமுள்ளவனுக்காகக் கட்டியதல்ல. வெளியே நிற்பவன் யார் என்பதை நம் ஊரில் நிற்பவன் தீர்மானித்ததும் இல்லை.

இந்தப் படத்தைக் கான் ‘ஃபார்ம்’ என்றார். அதாவது இடத்தையும் பணத்தையும் பற்றிய யோசனை வருவதற்கு முன்னால், ஒரு காரியம் தன் இயல்பில் என்னவாக இருக்க விரும்புகிறது என்பது. ‘டிசைன்’ அப்புறம் வருவது. எப்படி, எவ்வளவில், எந்தப் பணத்தில் என்பது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்கில் போட்ட சண்டைக்கு இந்தப் பாகுபாடு பயன்பட்டிருக்கும். கானின் ‘ஃபார்ம்’ நாம் சொல்லும் உருவம் அல்ல. நாம் சொல்லும் உள்ளடக்கமும் அல்ல.

முதல் திட்டத்தைச் சபை நிராகரித்தது. இதைத்தான் நான் இந்தக் கதையின் மையம் என்று கருதுகிறேன். மேதை தந்த படத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளவில்லை அவர்கள். விறைப்பாக இருக்கிறது, செலவு கட்டுப்படியாகாது, பள்ளிக்கூடம் தனியாகவும் கூடம் தனியாகவும் இருந்தால் என்ன என்றார்கள். ரைட் செய்ததும் அதுதானே. கான் மறுத்துக்கொண்டிருக்காமல் அவர்களையே பேச விட்டார். பிரசங்கம் முடிந்ததும் என்ன செய்வீர்கள்? உட்கார்ந்து அதைப் பற்றி வாதிப்போம். அப்படியானால் அந்த அறை கூடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காப்பி வேண்டும், எனவே சமையலறையும் பக்கத்தில். பெற்றோர் உள்ளே இருக்கும்போது பிள்ளைகள் எங்கே? அவர்களும் பக்கத்தில்தான். ஒவ்வொன்றாக எல்லாம் கூடத்தைச் சுற்றித் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. கேள்விக்குறியைச் சுற்றிப் பள்ளிக்கூடம் என்ற முதல் படம், அதன் ஜியோமிதி ஒழுங்கை இழந்து, கோணல்மாணலாக, உயிரோடு மறுபடி வந்தது. ஒரு அறை பெரிசு, ஒன்று சிறிசு. ஜன்னல்களில் குழந்தை உட்கார்ந்துகொள்கிற மாதிரி திண்ணைகள். அதனால் வெளிச்சுவர் ஆழமான மடிப்புகளாக விழுந்தது. புகைப்படத்தில் மடிப்பு மடிப்பாக நிற்கிற அந்தச் செங்கல் சுவர், உள்ளே பிள்ளைகள் உட்காரும் இடங்களின் வெளிப்புறம்தான்.

1962 டிசம்பரில் கோயில் திறக்கப்பட்டது. கூடத்தின் சுவர்கள் பூச்சில்லாத சிமெண்ட் கற்கள். சிலுவை இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. மேலே கான்கிரீட் கூரை நடுவில் தாழ்ந்து கனத்து, நான்கு மூலைகளை நோக்கி உயர்ந்து போகிறது. அந்த நான்கு மூலைகளிலும் நான்கு கூண்டுகள். வெளிச்சம் அவற்றின் வழியாக மட்டும் மேலிருந்து இறங்குகிறது. வெளிச்சத்தைத் தலைக்கு நேர் மேலே வைத்து அதைத் தெய்வீகமாக்குவது எல்லா மதத்துக் கட்டடக்காரர்களும் செய்த வேலை. இங்கே நடுவில் மங்கல், ஓரங்களில் ஒளி. மேகமூட்டமான நாளில் கூடமும் மூட்டமாகிவிடுமாம். சுவரில் தொங்கும் துணித் திரைகளைக் கான் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று நிற நூல்களை மட்டும் வைத்துத் திட்டமிட்டார். மற்ற நிறமெல்லாம் அந்த மூன்றின் கலப்பில் கண்ணில் உண்டாவது.

இப்படியொரு கூடத்தில் என்ன வழிபாடு நடக்கும்? யூனிடேரியன் சபைகளில் பொதுவாக நடப்பது இது. ஒரு கிண்ணத்தில் சுடர் ஏற்றுவார்கள். சுடரேந்திய கிண்ணம் பழைய சின்னமல்ல. 1941இல் நாஜிகளிடமிருந்து அகதிகளைக் காப்பாற்ற இயங்கிய யூனிடேரியன் சேவைக் குழுவுக்காக, தானும் அகதியான ஹான்ஸ் டாய்ச் என்ற ஓவியர் போட்டது. அகதிகளின் தஸ்தாவேஜுகளில் முத்திரையாக இருந்தது வழிபாட்டுக்கு வந்துவிட்டது. பாட்டு உண்டு, பழைய கீதங்களில் மனசாட்சி ஒப்பாத சொற்களை மாற்றிப் பாடுவார்கள். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. நம்பாவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிடலாம்; சொல்லை மட்டும் மாற்றி மெட்டின் பக்தியை அனுபவிப்பது கடன் வாங்கிய நகை. மௌனம் உண்டு. அந்த வாரத்துச் சந்தோஷத்தையும் துக்கத்தையும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிரசங்கம். பிறகு காப்பி, அதோடு பிரசங்கத்தை அலசுவது. சில சபைகளில் காப்பிதான் முக்கிய சடங்கு என்று அவர்களே கேலி செய்வதுண்டு.

ஒரே ஒரு சடங்கு மட்டும் எனக்குக் கடன் வாங்கியதாகப் படவில்லை. பிராக் நகரத்தில் நோர்பர்ட் சாப்பெக் என்ற போதகரின் சபையில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், யூதர் என்று எதையெதையோ விட்டு வந்தவர்கள் சேர்ந்திருந்தார்கள். அப்பமும் திராட்சரசமும் அவர்களில் பலருக்கு ஒப்பாது. 1923இல் அவர் எல்லோரையும் ஆளுக்கொரு பூ கொண்டுவரச் சொன்னார். எல்லாப் பூவும் ஒரே ஜாடியில். முடிந்து போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துப்போக வேண்டும். அவ்வளவுதான். யாருடைய பூ என்று தெரியாது, விசாரிக்கவும் கூடாது. சாப்பெக்கை 1941இல் கெஸ்டபோ கைது செய்தது. 1942இல் கொன்றார்கள். அவர் மனைவி மாயா 1940இலேயே இந்தச் சடங்கை அமெரிக்காவில் நடத்திக் காட்டியிருந்தார். இப்போது பெரும்பாலான யூனிடேரியன் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பது படித்தவர்களின் சௌகரியமாகவும் ஆகிவிடலாம். கோயில் திறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1964 ஜூலையில் ராச்செஸ்டரின் கறுப்பர் பகுதிகள் மூன்று நாள் கலவரத்தில் கொந்தளித்தன. 1965இல் சால் அலின்ஸ்கியின் துணையோடு கறுப்பர்கள் ‘ஃபைட்’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். ஊரின் பெரிய முதலாளியான கோடாக் கம்பெனி 600 பேருக்கு வேலைப்பயிற்சி தர வேண்டும் என்றார்கள். 1966 டிசம்பரில் கம்பெனி அதிகாரி ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கம்பெனி அதை மறுத்துவிட்டது. அலின்ஸ்கி அப்போது சபைகளிடம் போய்க் கேட்டது பிரார்த்தனையை அல்ல, அவர்கள் கையிலிருந்த கோடாக் பங்குகளின் வாக்குரிமையை. யூனிடேரியன் மாநாட்டில் கேட்டார், கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கொடுப்பதற்குப் பங்கு கையில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தங்கள் வீட்டுக்குள்ளேயே கேள்வி வந்தபோது அவர்கள் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. 1961இல் யூனிவர்சலிஸ்டுகளோடு இணைந்து ஒரே சங்கமாக ஆகியிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் 1968ஆம் வருஷத்து மாநாட்டில், கறுப்பர் விவகாரக் குழுவுக்கு நான்கு வருஷத்தில் பத்து லட்சம் டாலர் தருவதென்று தீர்மானமாயிற்று. அடுத்த வருஷம் பாஸ்டனில் கறுப்பு உறுப்பினர்கள் மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள், வெள்ளையர் பலரும் கூடவே போனார்கள். அதற்கடுத்த வருஷத்துக்குள் பணம் குறைக்கப்பட்டது. பலர் சங்கத்தை விட்டே போனார்கள். எந்தக் கோட்பாட்டுக்கும் கையெழுத்துக் கேட்காத சபையில் காசோலைக்குக் கையெழுத்து வேண்டியிருந்தபோது கை நடுங்கியது. தீர்மானிக்காதவனுக்காகக் கான் போட்ட அந்த உள் நடையும் கட்டி முடிந்த கட்டடத்தில் படத்தில் இருந்தபடி இல்லை. கூடத்துக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவே சுவர் வந்து, பள்ளிக்கூடத்தின் நடை மட்டும் தங்கிவிட்டது. செலவும் இடமும் காரணம். ஆனாலும் எதைச் சுருக்கினார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

அறுபதுகளில் சபை பெருகியது. இடம் போதவில்லை என்று கானையே மறுபடி கூப்பிட்டார்கள். அகமதாபாத்திலும் டாக்காவிலும் பெரிய வேலைகள் கையில் இருந்த சமயம், ஒத்துக்கொண்டார். 1969இல் முடிந்த அந்தச் சேர்ப்பில் வழிபாட்டுக் கூடத்துக்கு ஓர் அடிகூடக் கூடவில்லை. கூடியதெல்லாம் வகுப்பறைகளும் கூட்ட அறைகளும்தான்.